ரேடியோ சத்தமாகப் பாடிய வீடு

ஜூன் 9, திங்கள்

எதையாவது எழுதுங்கள் என்றார் கவுன்சலர் ஹெப்சிபா மேடம். எதை என்று கேட்டேன். சமையலை எழுதலாம், வேலையை எழுதலாம், யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்குக்கூடக் காட்ட வேண்டாம் என்றார். அப்புறம் எதற்கு எழுதுவது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பரீட்சைத் தாள்போலப் பெயரிலிருந்து தொடங்குகிறேன். திருமகள், வயது முப்பத்தேழு. திருச்சியில், கிராப்பட்டியில் வீடு. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கணவர் பாலகுரு, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று நான்தான் தள்ளிப்போடுகிறேன்.

காலையில் இட்லி, தக்காளிச் சட்னி. மூன்று வகுப்புகள். வங்கியில் வேலை பார்க்கும் ஷர்மிளா மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் ஒரே ஹாரன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆஃப் கிளட்சில் பிடி, மெதுவாக ஆக்சிலேட்டர் கொடு என்றேன். நீங்க திட்டவே மாட்டீங்களா மேடம் என்று கேட்டாள்.

கவுன்சலிங் போக ஆரம்பித்தது கோபத்தினால் இல்லை, குடியினால் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு பைக் விஷயம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எனக்குச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல குடும்பத்தில் வளர்ந்தவள். அம்மா துறையூரில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் கண்டிப்பு.

ஜூன் 12, வியாழன்

மிக்ஸி ஜாரின் மூடி எப்படியோ உடைந்திருந்தது. வகுப்புக்குப் போகும்போது பையில் எடுத்துப்போய் ஜங்ஷன் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வேறு மூடி வாங்கி வைத்தாயிற்று. அதே நிறம் கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று.

ஜூன் 13, வெள்ளி

மூடி எப்படியோ உடையவில்லை. நான்தான் கீழே போட்டேன்.

யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் நேற்று ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

இன்று இரண்டாவது முறை போனேன். தில்லைநகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடி. கீழே பல் ராவும் சத்தம் மேலே வரை கேட்கிறது. ஹெப்சிபா மேடத்துக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பருத்திப் புடவை, கையில் ஓயாமல் ஒரு பேனா. பெரிய ஞானி மாதிரியெல்லாம் பேசுவதில்லை. அது பரவாயில்லை.

பைக் விஷயத்தைச் சொன்னேன். சொன்னதை இங்கும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரலில் ஒரு நாள், ஜவுளிக்கடை வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது அங்கே நிறுத்தியிருந்த பாலகுருவின் புது பைக்கை நானே இடித்துவிட்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் கடை வாட்ச்மேனிடம் போய்ச் சண்டை போட்டார். பார்த்துக்கொள்ளத்தானே உன்னை வைத்திருக்கிறார்கள் என்று நாலு பேர் முன்னால் கேட்டார். மேனேஜர் வந்து, அந்த ஆளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். வாட்ச்மேன்தான் சிசிடிவியைப் போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். போட்டுப் பார்த்தார்கள். திரையில் நான்.

வாட்ச்மேனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. பாலகுரு அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு பைக்கு, திரு. நான் உன்னை என்ன பண்ணிடுவேன்னு நெனச்ச?" என்று கேட்டார்.

 அவர் என்மேல் ஒரு நாளும் கைவைத்ததில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உடைந்த தட்டு, தீய்ந்த சட்டை, தொலைத்த சாவி, சாப்பிட்டேன் என்று சொன்ன பொய், சாப்பிடவில்லை என்று சொன்ன பொய். நான் போலீஸ்காரன் மாதிரி உன்கூடக் குடித்தனம் பண்ண முடியாது என்றார். கவுன்சலிங் வா, இல்லை என்றால் நான் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்துத் தனியாகப் போகிறேன் என்றார். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹெப்சிபா மேடம் பொய்யைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயசுல உண்மையைச் சொன்னா என்ன நடக்கும் என்று கேட்டார்.

ஒன்றும் நடக்காது என்றேன். அப்புறம் வேறு பேச்சு. என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். எண்ணெய் தெறித்தது என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

தம்பி இனியன் சென்னையிலிருந்து பேசினான். அம்மாவின் பழைய மாணவர்கள் சேர்ந்து பாராட்டு விழா எடுக்கிறார்கள். ஆகஸ்ட் பதினேழு, துறையூரில் மண்டபம் பிடித்தாயிற்று. அமெரிக்காவிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். "குடும்பத்து சார்பா நீ அஞ்சு நிமிஷம் பேசுக்கா. அம்மா ஆசைப்படுறாங்க" என்றான்.

சரி என்றேன். போனை வைத்தபின் வீட்டைப் பெருக்கினேன். காலையிலேயே பெருக்கிய வீடு.

ஜூன் 24, செவ்வாய்

மேடைப் பேச்சுக்கு நாலு வரி யோசித்துப் பார்த்தேன். "எங்கள் அம்மா எங்களுக்கு ஒழுக்கத்தைக் கற்றுத் தந்தார்." அதற்குமேல் வரவில்லை. அரிசி களைந்தேன். மாவு ஆட்டினேன். மாடியில் காய்ந்திருந்த துணியை மறுபடி துவைத்துப் போட்டேன். கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

ஜூன் 28, சனி

கிளம்பும்முன் ஒரு சின்னச் சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. பாலகுரு கிரிக்கெட் பார்த்துக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் சமையலறையிலிருந்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். தலைவலி என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தார்.

மேடத்திடம் இதைச் சொன்னேன். எப்போதிலிருந்து இந்தத் தலைவலி என்று கேட்டார். எப்போதுமே என்றேன். சின்ன வயதில் வீட்டில் டிவி இருந்ததா என்றார். இல்லை, ரேடியோதான் என்றேன். அப்பா போடுவார். சத்தமாகப் போடுவார்.

எப்போதெல்லாம் சத்தமாகப் போடுவார் என்று கேட்டார்.

நான் பல் ராவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக என்று சொன்னேன்.

எது கேட்கக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார். 

அப்பா நல்லவர். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்களை ஒரு அடி அடித்ததில்லை. ரேடியோவை மட்டும்தான் கூட்டினார்.

ஜூலை 1, செவ்வாய்

எண்ணெய் இல்லை. கரண்டி.

ஜூலை 5, சனி

இன்று சொல்லிவிட்டேன். கோர்வையாக வரவில்லை. எழுதும்போதாவது கோர்வையாக வருகிறதா பார்க்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னேன். விளையாடும்போது விழுந்துவிட்டது என்று. அடுப்பில் தோசைக் கரண்டி இருந்தது. அப்பா எழுந்து போய் ரேடியோவைக் கூட்டினார். அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசவில்லை. வாரக்கணக்கில் பேசமாட்டார். சாப்பாடு வைப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். காலைப் பிடித்துக்கொண்டு, நான்தான் கெட்டவள், நான்தான் கெட்டவள் என்று சொன்ன பிறகுதான் பேசுவார். மற்ற நாளில் ஸ்கேல். குளியலறையில் விளக்கை அணைத்துத் தாழ்ப்பாள். கரண்டி அந்த ஒருமுறைதான்.

ஒருமுறைதான் என்று நான் சொன்னபோது மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து உண்மையைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேனா? அப்படியெல்லாம் நினைவில்லை. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வாய்ப்பாவது உண்டு.

முடியும் நேரத்தில் ஒன்று நடந்தது. மேடம் நேரத்தைப் பார்த்துக்கொண்டே, "தழும்பைப் பத்தி முன்னாடி கேட்டப்பவே ஏன் சொல்லல?" என்றார். குரல் சட்டென்று உயர்ந்திருந்தது. புருவமும்.  மன்னிச்சிடுங்க மேடம் என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன். படியிறங்கி வந்தது நினைவில்லை.

ஜூலை 12, சனி

போகவில்லை. போனதாகப் பாலகுருவிடம் சொன்னேன். அந்த நேரம் முழுக்கக் காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், எல் போர்டு மாட்டிய காரில் உட்கார்ந்திருந்தேன். வெயில்.

எப்படி இருந்துச்சு என்று கேட்டார். நல்லா இருந்துச்சு என்றேன்.

ஜூலை 19, சனி

இன்றும்.

ஜூலை 20, ஞாயிறு

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோழி அவர் பொறுப்பு. நான் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். இஞ்சியைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வாரமா நான் கவுன்சலிங் போகல. போனேன்னு சொன்னது பொய்" என்றேன்.

கத்தியை வைத்துவிட்டார். எழுந்து பால்கனிக்குப் போனார். நான் இஞ்சியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அது சாறாகிவிட்டது.  குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் என்று அந்த ஒரே சொல்தான் மண்டைக்குள்.

திரும்பி வந்தார். "யாரும் கண்டுபிடிக்காம நீயே சொல்ற மொதப் பொய் இது" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்தார். ஏன் போகவில்லை என்று கேட்டார். மேடத்தின் குரல் அம்மா குரல் மாதிரி இருந்தது என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாமலே, அதை மேடத்துக்கிட்டயே போய்ச் சொல்லேன் என்றார்.

ஜூலை 26, சனி

சொன்னேன். படியேறும்போது மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனதும் மூன்றும் மறந்துவிட்டது. "அன்னைக்கு நீங்க ஏன் சொல்லலன்னு கேட்ட விதம் எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் வரல" என்றேன்.

ஹெப்சிபா மேடம் நோட்டை மூடினார். பிறகு, "ஆமா. அப்படித்தான் கேட்டேன். அடுத்த ஆளு வெளிய காத்துட்டிருந்தாங்க, அந்த அவசரத்துல கேட்டுட்டேன். அது என் தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார்.

அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தேன். ஆனால் நீங்களும், என்று வரும். இதுக்குப் போயா, என்று வரும். அல்லது முகம் மாறும், அடுத்த வாரம் பேசமாட்டார். ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான். மன்னிப்பு அந்த வாக்கியத்தோடு முடிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் மின்விசிறிக்குக் காகிதம் படபடத்தது.

எனக்கு ஏனோ கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு சுலபமா இது?

ஆகஸ்ட் 2, சனி

இன்று பாலகுருவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் கேட்டுக்கொண்டதால் அவர் வந்தார். வேலைக்குப் போடும் சட்டையைப் போடாமல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் நானே சொன்னேன். தழும்பைக் காட்டினேன். இந்தக் கையைத்தானே அவர் ஆறு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மேடத்திடம், இவள் பயப்படும்போதெல்லாம் என்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன் மேடம், நான் அப்படி என்ன செய்துவிட்டேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் வண்டியை நேரே துறையூருக்கு விடட்டுமா என்றார். உங்க அம்மாவை நாலு வார்த்தை கேட்கணும் என்றார். வேண்டாம் என்றேன். அது நான் கேட்க வேண்டியது, கேட்பேனா என்று தெரியாது, ஆனால் நீங்கள் கேட்கக் கூடாது என்றேன். இவ்வளவு நீளமாக அவரை நான் மறுத்துப் பேசியதில்லை. அவரும் ஆச்சரியப்பட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

இப்போது இது வேறு தொல்லையாக இருக்கிறது. பாலகுரு சமையலறைக்குள் வரும்முன் தொண்டையைச் செருமுகிறார். கதவை ஓசைப்படாமல் சாத்துகிறார். டிவியை ஊமைப்படமாக ஓடவிட்டுப் பார்க்கிறார். குழம்பில் உப்பில்லை என்பதைச் சொல்லாமல் அப்படியே சாப்பிட்டு எழுந்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் இல்லை.

உப்பு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க என்றேன். சரி, உப்பில்லை, புளியும் சரியில்லை என்றார். முகம் சுருங்கிவிட்டது எனக்கு. ஆனாலும் இது தேவலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இனியனைக் கூப்பிட்டேன். விழாவுக்கு வருகிறேன், ஆனால் மேடையில் பேசமாட்டேன் என்றேன். ஏன் என்றான். என்னால் அங்கே நின்று பொய் சொல்ல முடியாது என்றேன். ஊரில் யாருக்கும் தெரியாத பொய் எத்தனையோ சொன்னவள் நான். இந்த ஒன்றை மட்டும் முடியாது என்று எனக்கே தெரியாமல் உள்ளே எங்கோ முடிவாகியிருக்கிறது.

பழசையெல்லாம் கிளறாதே என்றான். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அடித்தார்கள் என்றான். தனக்கும்தான் அடி விழுந்தது, தான் மறந்துவிடவில்லையா என்றான்.  ரொம்ப நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"அந்தக் கரண்டியால சூடு வச்ச அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்க்கா" என்றான். குரல் ஆறு வயதுக் குரல். "நான் அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிக்கிட்ட கூட."

அழுதுகொண்டிருக்கிறான் என்று புரிந்தது. நான் அழவில்லை. அவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். நீ சின்னப் பையன்டா என்று மட்டும் சொன்னேன். நான் மேடையேறப்போவதில்லை என்பதை அம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூக்கம் இல்லை. வகுப்பில் ஷர்மிளா நன்றாக ஓட்டுகிறாள். அவள் பிரேக்கை மிதிக்கும்முன் நான் மிதித்துவிடுகிறேன். மேடம், வண்டி நான் ஓட்டறேனா நீங்களா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

அம்மா இன்னும் கூப்பிடவில்லை. இனியன் சொன்னானா, இல்லையா?

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். வகுப்பெல்லாம் ரத்து.

மண்டபத்து வாசலில் அம்மாவின் படம் பெரிய பேனரில். உள்ளே நூற்றுக்கணக்கில் ஆட்கள். அம்மா பட்டுப்புடவையில் மேடை நடுவில். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையவில்லை. ஒவ்வொருவராக மேடையேறிப் பேசினார்கள். உண்மையாகவே அம்மா பலருக்குப் படிப்புக் கொடுத்திருக்கிறார். பீஸ் கட்டியிருக்கிறார். வீட்டுக்கே போய்ப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்திருக்கிறார். அது எதுவும் பொய்யில்லை. கேட்கக் கேட்க எனக்குக் குழப்பமாக இருந்தது.

ஒரு எஞ்சினியர், டீச்சர் அன்னைக்கு அந்த அடி அடிக்கலன்னா நான் இன்னைக்கு ஆளாகியிருக்க மாட்டேன் என்றார். மண்டபமே கைதட்டியது. பாலகுருவின் கைகள் மடியில் இருந்தன. என் கைகளும்.

இனியன் சொல்லித்தான் இருக்கிறான். ஆனால் அம்மா மைக்கை வாங்கி, "இப்ப என் மகள் திருமகள் பேசுவா" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்குள்ளே இருக்கும் பார்வை எனக்கு மட்டும்தான் தெரியும். இனியனுக்கும் தெரியும்.

கால் தானாக எழப் பார்த்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு முறை. மண்டபத்தில் சலசலப்பு. வெட்கப்படுறாங்க என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அம்மா கை மைக்கோடு அப்படியே நின்றது. இனியன் போய் அதை வாங்கி, நன்றியுரை ஆரம்பித்தான்.

போயிடலாமா என்று பாலகுரு காதோரம் கேட்டார். இல்லை, இருப்போம் என்றேன்.

பந்தி நடக்கும்போது அம்மா என்னை மணமகள் அறைக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.  நான் போய்க் கதவைத் திறந்து வைத்தேன். பாலகுரு கொஞ்சம் தள்ளி, ஐஸ்கிரீம் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டல்ல?"

மணிக்கட்டைக் காட்டினேன். "இது எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

பார்த்தார். ஒரு கணம் முகத்தில் ஏதோ வந்தது. வந்ததா, நான் வர வேண்டும் என்று விரும்பினேனா தெரியவில்லை. "எண்ணெய் தெறிச்சது" என்றார்.

அவரும் அதையேதான் சொல்கிறார். அல்லது நான்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேனோ என்னவோ.

"எண்ணெய் இல்ல. தோசைக் கரண்டி. நீங்க வச்சீங்க. எனக்கு எட்டு வயசு."

"உன்னை ஒழுங்கா வளர்த்தேன். படிக்க வச்சேன். உங்கப்பாவே ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல."

"சொல்லல. ரேடியோ சத்தத்தைக் கூட்டினாரு."

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். மடிப்பு சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தார். "நான் செத்தா வராத" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வெளியே போனதும் அவர் குரல் கேட்டது. யாரையோ, பாயசம் இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ கண்ணு என்று உபசரித்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்த மாதிரி இல்லை. திரும்பும்போது வண்டியைப் பாலகுருதான் ஓட்டினார். மண்ணச்சநல்லூர் தாண்டும்முன் நிறுத்தச் சொல்லி, சாலையோரம் வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, முதுகைத் தடவலாமா என்று கேட்டார். தடவுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். அம்மாவிடமிருந்து போன் இல்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதல்ல, எனக்கும் புதிதல்ல. போனை எடுக்கிறேன், வைக்கிறேன். நான்தான் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் போதும், பேசிவிடுவார்.

ஆகஸ்ட் 30, சனி

அம்மாவைக் கூப்பிடட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். கூப்பிடு என்றோ வேண்டாம் என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டார். நிம்மதி என்றேன். யாருக்கு என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கூப்பிடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இனியன் வந்திருந்தான். தனியாக வந்தான். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார் என்றான். அவன் சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் அன்றே துறையூருக்குப் போனான். இனிமேல் டியூஷன் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னதாகவும், பெரிய சண்டை நடந்ததாகவும், ஆனால் பிள்ளைகளின் பெற்றோரிடம் தானே போய்ப் பேசிவிட்டதாகவும் சாயங்காலம் போன் செய்தான்.  சாப்டியாடா என்று கேட்டேன்.

அக்டோபர் 4, சனி

வகுப்பில் இன்று ஷர்மிளா மேம்பாலம் ஏறி இறங்கிச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை ஓட்டினாள். நான் இரண்டு முறைதான் பிரேக் போட்டேன். இரண்டில் ஒன்று தேவையானது.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று எனக்கும் பாலகுருவுக்கும் பெரிய சண்டை.

மதுரையில் இருக்கும் அவர் அக்காவிடம், தீபாவளிக்கு நாங்கள் அங்கேதான் வருகிறோம் என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். ஒவ்வொரு வருடமும் அங்கேதான் போகிறோம். ஒவ்வொரு வருடமும் எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். பிடித்ததே இல்லை.

"என்னைக் கேக்காம எப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"இதுல கேக்க என்ன இருக்கு? வருஷா வருஷம் போறதுதானே?"

"எனக்குப் பிடிக்கல. இந்த வருஷம் நான் நம்ம வீட்லதான் இருக்கப்போறேன்."

அவர் குரல் உயர்ந்தது. அக்கா முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டாள், இப்போது போய் என்ன சொல்வது, இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது வந்து சொன்னால் எப்படி என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் குரலும் உயர்ந்தது. அது எனக்கே யாருடைய குரலோ மாதிரி இருந்தது. அம்மாவுடையது இல்லை. கவனித்தேன், இல்லை.

அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.  அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன். மன்னிச்சிடுங்க என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அவர் எதிரில் இல்லாதபோதே. துணியைக் கீழே போட்டுவிட்டு, உருளைக்கிழங்கு நறுக்கி வறுத்தேன். ரசம் வைத்தேன்.

அரை மணி நேரமோ என்னவோ கழித்துத் திரும்பி வந்தார். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் கூடத்திலேயே நின்றேன். எங்கள் வீட்டில் இந்த இடத்துக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நான் வளர்ந்த வீட்டில் தெரியும்.

"சோறு வைக்கவா?" என்றேன். "இல்ல, கோபம் தீரட்டுமா?"

"கோபம் அது பாட்டுக்கு இருக்கட்டும். பசிக்குது."

எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் கிழங்கை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார், கேட்காமலே எனக்கும் போட்டார். அக்காவிடம் என்ன சொல்வது என்று அவர் ஒரு வழி சொன்னார், அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஒரு வழி சொன்னேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்றார், கோபமாகவே.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. கோபத்தோடேயே படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது வெயில் கட்டிலுக்கு வந்திருந்தது. அவர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தீபாவளி எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை.